முதலில் விட்ட புறா

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அம்மா சுகம், கடை சுகம், மொட்டைமாடியில் இருக்கிற வெள்ளைப் புறாக்கள் அத்தனையும் சுகம். அப்பா மட்டும் சுகமில்லை. காய்ச்சல், இருமல் ஒன்றும் கிடையாது. பயம். கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துகிற மனுஷன், பத்து நாளாக ஒரு புறாவுக்குப் பயந்து சோறு இறங்காமல் திரிகிறேன். நீ சிரிப்பாய். சிரி. கடிதத்தில் பாதி தூரம்தான் சிரிக்க முடியும், அதற்குள் சிரித்து முடித்துவிடு.

வருகிற வியாழக்கிழமை நீ திருச்சியில் ரயிலேறி, கடலூருக்கு வருகிற வழியில் சிதம்பரத்தில் இறங்கி, சம்பந்தி வீட்டில் சாப்பிட்டு, இதுவரை போட்டோவில் மட்டும் பார்த்த பெண்ணை நேரிலும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்த புத்திசாலி நான்தான். நீ அந்த வீட்டு முற்றத்தில் காலை வைத்ததும் ஒரு புள்ளிப் புறா உன் முன்னால் நடந்து போகும். இடது சிறகு தொங்கும். காலில் சிவப்பு நூல் சுற்றிய செப்புக்கம்பி வளையம் ஒன்று இருக்கும். நீ பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வாய். நம் கடை ஸ்பீக்கர் கம்பியை வெட்டி வளைத்து அந்த வளையத்தைப் போட்டவனே நீதான். அது உன் தபால்காரன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று உனக்கு ஒரு கார்டு எழுதினேனே, அதே தபால்காரன். பூனை தூக்கவில்லையடா. நான் தூக்கினேன். முற்றத்தில் நின்று நீயாகத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் என் கையெழுத்தில் உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். நடுவிலிருந்து ஆரம்பித்தால் நான் நல்லவனாகத் தெரிகிற மாதிரி சொல்லிவிடுவேன், அந்தப் பழக்கம் எனக்கு உண்டு. முதுநகரில் மைக்செட்டும் பெட்ரோமாக்ஸும் வாடகைக்கு விடுகிற கடை அப்போதே நாலு இருந்தது. நாலு கடைக் குழாயும் ஒரே மாதிரிதான் அலறும். என் குழாய் கொஞ்சம் கூடுதலாக அலறும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், மற்ற மூன்று பேரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில்தான் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு துரை கப்பலேறும்போது தன் வெள்ளைப் புறாக்களைச் சமையல்காரரிடம் விட்டுவிட்டுப் போன செய்தி எனக்கு எட்டியது. எத்தனை மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்புகிற ஜாதி, ஹோமர் என்பார்கள். எனக்கு உடனே படம் ஓடிவிட்டது. தாலி கட்டுகிற நேரத்தில் கூடையைத் திறக்கிறேன். வெள்ளையாக ஒரு கூட்டம் பந்தலுக்கு மேல் சுற்றிப் பறக்கிறது. ஊர் வாயைப் பிளக்கிறது. நான் வீட்டுக்கு வந்தால் புறாக்கள் எனக்கு முன்னால் வந்து மாடியில் உட்கார்ந்திருக்கின்றன. ஆறு ஜோடி வாங்கி வந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் முதல் கல்யாணம். கூடையைத் திறந்தேன், பறந்தன, ஊர் வாயைப் பிளந்தது, எல்லாம் சரி. வீட்டுக்கு வந்தால் மாடி காலி. புறாக்கள் சொன்ன சொல் தவறாமல் வீடு திரும்பியிருந்தன. பாண்டிச்சேரிக்கு.

அந்தச் சமையல்காரர் கூடையோடு திருப்பிக் கொடுக்கும்போது சொன்னதை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. "உங்க ஊடுன்னு நீங்க சொன்னா ஆச்சா? அதுங்க சொல்லணுமில்ல?" அப்புறம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பெரிய புறாவை வெளியே விடாமல் கூண்டுக்குள்ளேயே வைத்து முட்டையிட வைக்கவேண்டும். நம் மாடியில் பொரிந்த குஞ்சுக்குத்தான் நம் மாடி வீடு. குஞ்சு வளர்ந்ததும் பாசஞ்சர் ரயிலில் கூடையோடு ஏற்றி, முதலில் ஆலப்பாக்கம், அடுத்த வாரம் பரங்கிப்பேட்டை, அதற்கடுத்த வாரம் கிள்ளை, கடைசியில் சிதம்பரம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக விட்டுப் பழக்கவேண்டும். சிதம்பரத்தில் கூடையைத் திறந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் நம் மாடியில் இறங்கிவிடும். நான் ரயிலில் வந்து சேர அதைவிட இரண்டு பங்கு நேரமாகும். "ஒங்களுக்கும் ரெண்டு றெக்கை இருந்தா சாப்பாடு ஆறாம இருக்கும்" என்பாள் உன் அம்மா.

வெள்ளைக்கு வெள்ளைதான் பிறக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த நாளில் ஒரு பெட்டை, அடுத்த தெரு மாடியில் யாரோடோ பேச்சு வைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக ஒரு குஞ்சைப் பொரித்தது. கல்யாண வீட்டில் புள்ளிப் புறா யாருக்கு வேண்டும்? யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். நீ விடவில்லை. அது உன் புறா ஆயிற்று. வெள்ளைகளையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற வேகம் அதற்கு. நீ சிதம்பரத்தில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்கு வந்து திரும்பும்போது அதைக் கூடையில் எடுத்துப்போய், போய்ச் சேர்ந்ததும் காலில் சீட்டுக் கட்டி விடுவாய். "சேர்ந்தேன்." "சேர்ந்தேன். சாம்பார் தண்ணீர்." "சேர்ந்தேன். ஊறுகாய் மறந்துவிட்டேன்." உன் அம்மா நீ போன நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு மாடியில் போய் நிற்பாள். அதன் பெயரை நீ வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. "தபால்காரன் வந்துட்டாங்க" என்று அவள் மாடியிலிருந்து கத்தின கத்தலில் அதற்குப் பெயர் வந்தது. இதையெல்லாம் உனக்கே ஏன் சொல்கிறேன் என்றால், எதைத் தூக்கினேன் என்று தெரிந்துதான் தூக்கினேன் என்பதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத பகுதி. கார்த்திகை பிறந்தால் சிதம்பரம் மேலைக் கோபுரத்துக்கு ஒரு வல்லூறு வரும். எங்கிருந்து வருகிறதோ, மாசி முடிகிறவரை அங்கேயே பொம்மைகளுக்கு நடுவில் இன்னொரு பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். நமக்குக் கல்யாணம் ஜாஸ்தியாக வருகிற தை மாதம்தான் அதற்கும் வேட்டை மாதம். அது பறப்பதை நீ பார்த்திருக்கமாட்டாய், பார்க்க நேரமிருக்காது. கல்லைப் போட்ட மாதிரி விழும். அவ்வளவுதான் தெரியும். பச்சை மரத்துக்கும் நீல வானத்துக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு டஜன் புறாவைப் பறக்கவிடுவது அதற்கு இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி. முதல் வருஷம் சிதம்பரத்தில் கூடையைத் திறக்கும்போது கோபுரத்தையே பார்த்துக்கொண்டு கொக்கியைத் தப்புப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மணப்பெண் தலைக்கு மேலே ஒரு வெள்ளைப் புறாவை வல்லூறு அடித்தால் அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஊர் என்ன பேசும்? அந்தப் பெண்ணுக்கு நாளைக்கு ஒரு தலைவலி வந்தால்கூட என் புறாவைத்தானே சொல்வார்கள்? அதை நினைத்து நினைத்து, வேர்வையோடு ஒரு யோசனை கண்டுபிடித்தேன்.

பசியாறிய வல்லூறு அரை நாளைக்கு அசையாது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், பண்ருட்டிச் சந்தையில் வாங்கிவந்த ஒரு சாதாப் புறாவை, மேலவீதிக்குப் பின்னால் இருக்கிற குளக்கரையிலிருந்து தனியாக மேலே விடுவேன். வல்லூறு இறங்கும். எடுத்துக்கொண்டு கோபுரத்துக்குப் போகும். அப்புறம் என் வெள்ளைகள் ராஜபாட்டையில் போகிற மாதிரி போகும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெயிலானாலும் பனியானாலும் கறுப்புக் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பேன். இது என்னையும் உன் மாமன் மாணிக்கத்தையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. மைக்செட்டோடு அவன்தானே கூட வருவான்? நான் பந்தலுக்குத் திரும்பியதும், "மாமா, கப்பம் கட்டியாச்சா?" என்று காதோடு கேட்பான். கட்டியாச்சு என்று தலையாட்டுவேன். சிரித்துக்கொள்வோம். அத்தனை கல்யாணத்திலும், மேலே பார்த்துக் கைதட்டின அத்தனை ஜனத்துக்கும், அதற்கு முன்னால் ஒன்று போயிருக்கிறது என்று தெரியாது. எனக்கும் இரண்டாவது வருஷத்திலிருந்து அது சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி ஆகிவிட்டது. மகனே, ஒரு காரியத்தைச் செய்யும்போது நம் முகத்தை நாமே மறைத்துக்கொள்கிறோம் என்றால், அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று அங்கேயே நின்று யோசித்துவிட வேண்டும். நான் யோசிக்கவில்லை. நல்ல குடையாகப் பார்த்து வாங்கினேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கல் லீவு முடிந்து நீ விடுதிக்குப் போன பத்துப் பதினைந்து நாளில், வடக்கு வீதியில் ஒரு அரிசி மில்காரர் வீட்டுக் கல்யாணம். அன்றைக்குக் காலை முதல் பாசஞ்சரைப் பிடிக்கக் கிளம்பும்போது, பண்ருட்டியில் வாங்கிவைத்த புறா சின்னக் கூடையில் காலை நீட்டிச் செத்துக் கிடந்தது. மில்காரர் ஊரையே கூப்பிட்டிருக்கிறார், புறாவைப் பற்றி அழைப்பிதழ் கொடுத்த வீடெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். வேறு புறா தேட நேரமில்லை. வெள்ளையில் ஒன்றை முதலில் விட்டால் குளக்கரையில் பார்க்கிறவனுக்கு யாருடைய புறா என்று தெரிந்துவிடும். மாடிக்கு ஓடினேன். கூண்டில் வெள்ளையல்லாதது ஒன்றே ஒன்று. கையை உள்ளே விட்டதும் அது தானாகவே கைக்குள் வந்து உட்கார்ந்தது. நீ பழக்கிவைத்த பழக்கம். கூடைக்குள் போகிறோம் என்றால் உன்னைப் பார்க்கப் போகிறோம் என்று அதற்கு நினைப்பு.

ரயிலில் எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன். இவன் கெட்டிக்காரன், சந்தைப் புறா மாதிரி விழிக்கமாட்டான், வல்லூறுக்கே தண்ணி காட்டிவிட்டு எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுவான் என்று. பரங்கிப்பேட்டை தாண்டும்போதுதான் இன்னொன்று உறைத்தது. இவன் தப்பித்துவிட்டால் வல்லூறுக்குப் பசி ஆறாது. பசி ஆறவில்லை என்றால் வெள்ளைகளை விட முடியாது. குளக்கரையில் குடையை விரித்துக்கொண்டு, அதைக் கையிலிருந்து மேலே எறிந்துவிட்டு, அது தப்பவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, தப்பக்கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன் பார், அந்த மாதிரி ஒரு நிற்பு என் எதிரிக்கும் வேண்டாம். அது ஒரு வட்டம் போட்டது. வடக்கே திரும்பியது. கோபுரத்திலிருந்து கல் விழுந்தது. படீர் என்று ஒரு சத்தம், காற்றில் கொஞ்சம் இறகு, புறாவும் வல்லூறும் மேலவீதி வீடுகளுக்குப் பின்னால் மறைந்தன. குடையை மடக்கினேன். மாணிக்கம் கேட்டான், தலையாட்டினேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது, கூடையைத் திறந்தேன். பன்னிரண்டு வெள்ளையும் கிளம்பி, பந்தலுக்கு மேல் ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. ஊர் அண்ணாந்து பார்க்கிறது. அப்போது மறுபடியும் கல் விழுந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது, மற்றவர்களுக்கு வெள்ளையாக ஒரு சிதறல், அவ்வளவுதான். பந்தலுக்கு மேலிருந்து சின்னச் சின்ன வெள்ளை இறகு ஆடி ஆடி இறங்கி, மணமேடை மேலும் மாப்பிள்ளை தலைப்பாகை மேலும் உட்கார்ந்தது. நான் மைக் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். மில்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். "யோவ் மைக்செட்டு, மேலேர்ந்து பூ தூவறதுக்கும் ஏற்பாடு பண்ணியிருக்கியா? சொல்லவே இல்லியே?" என்று தோளில் தட்டினார். அவர் வேட்டியில் சிவப்பாக ஒரு சொட்டு. "இது என்னாய்யா?" என்றார். "ஆரத்தித் தண்ணிங்க மொதலாளி, தட்டிலேர்ந்து தெறிச்சிருக்கும்" என்றேன். எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. அந்தப் பூ தூவுகிற ஏற்பாட்டுக்காக மட்டும் அதற்கப்புறம் மூன்று கல்யாணக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

ரயிலில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். வல்லூறுக்குப் பசி ஆறவில்லை என்றால் தபால்காரன் தப்பிவிட்டான் என்றுதானே அர்த்தம்? ஸ்டேஷனிலிருந்து ஓட்டமாக வந்து மாடியேறினேன். பதினொரு வெள்ளை இருந்தது. அவன் இல்லை. மூன்று நாள் மாடியிலேயே நின்றேன். அவன் வரவில்லை. உன் அம்மா, "தபால்காரன் எங்கங்க காணோம்?" என்றாள். பக்கத்து வீட்டு நீலாவதியின் பூனை சுவர்மேல் போய்க்கொண்டிருந்தது. கையை நீட்டினேன். அவ்வளவுதான். அன்றையிலிருந்து அந்தப் பூனை உன் அம்மாவிடம் வாங்கிய விளக்குமாற்று அடிக்கு அளவில்லை. நீலாவதியும் உன் அம்மாவும் இரண்டு வருஷம் பேசவில்லை. "எங்க பூன பச்சத்தண்ணி குடிச்சி வளர்ற ஜீவன்" என்று அந்த அம்மாள் தெருவில் நின்று சத்தியம் செய்தாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்கும் கார்டு போட்டேன். நீ என்ன பதில் எழுதினாய், ஞாபகமிருக்கிறதா? ஒரே வரி. "பூனையை அடிக்க வேண்டாம் அப்பா, பசித்திருக்கும்." அந்தக் கார்டை இதுவரை நான் கிழிக்கவில்லை. கடை மேஜைக்குள் இருக்கிறது. மேஜையைத் திறக்கும்போதெல்லாம் அதன்மேல் எதையாவது எடுத்துப் போட்டு மூடுகிறேன். சிதம்பரத்துக்கு அதற்கப்புறம் நான் புறாக் கூடையை எடுத்துப் போகவில்லை. மூட்டு வலி என்று சொல்லிவிட்டேன். நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி என்று மேற்கே போய்விட்டேன், அந்தப் பக்கம் கோபுரத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இப்போது உன் கல்யாணம். பத்து நாளைக்கு முன்னால் நானும் அம்மாவும் மாணிக்கமும் மேலவீதிக்குப் பெண் பார்க்கப் போனோம். சம்பந்தி நல்ல மனுஷன். நோட்டுப் புத்தகக் கடைக்காரர், அதனால் எதைச் சொன்னாலும் கோடு போட்ட மாதிரி நேராகச் சொல்கிறார். பஜ்ஜி வந்தது. ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். முற்றத்தில் புள்ளியாக ஒன்று நடந்து போனது. தொங்குகிற சிறகு. காலில் நம் கடைக் கம்பி. பஜ்ஜி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. "ஏங்க, இப்பிடி மரமாட்டம் ஒக்காந்திருக்கிங்க, பொண்ணு வருது பாருங்க" என்று உன் அம்மா இடித்தாள். நல்லவேளை, அவள் கண் பெண் மேலேயே இருந்தது, புறா மேல் போகவில்லை. மாணிக்கம் பார்த்துவிட்டான். எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

தில்லைநாயகி காப்பித் தட்டோடு வந்தாள். நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தாள். "அது வந்து மூணு வருசமாவுது மாமா" என்றாள். "பின்பக்கம் மாடியில வந்து விழுந்திச்சி. வல்லூறு அடிச்சிட்டு, புடிக்க வர்றதுக்குள்ள நான் மொறத்த எடுத்து வீசிட்டேன். கால்ல வளையம் இருந்திச்சா, யாரோ ஆசையா வளத்தது, தேடுவாங்கன்னு நாலு வீதியும் கேட்டேன். யாரும் வரல." அவள் அப்பா சிரித்துக்கொண்டே, "அதுக்குன்னு தனியா கம்பு வாங்குறேங்க. ஊட்டுல எனக்கு அடுத்த மரியாத அதுக்குத்தான்" என்றார். நீ அப்போது எங்கே இருந்தாய்? அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் விடுதியில் உட்கார்ந்து, பூனைக்குப் பசித்திருக்கும் என்று எனக்குக் கார்டு எழுதிக்கொண்டிருந்தாய்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நிம்மதியாக எழுதியிருப்பேன். அந்தப் பெண் நிறுத்தவில்லை. "பறக்க முடியாது மாமா. ஆனா சாயங்காலமானா தத்தித் தத்தி மாடிப்படி ஏறிப் போயி, வடக்கப் பாத்துகிட்டு ஒக்காந்துக்கும். மழையில கூட. நான் தூக்கியாந்தாத்தான் வரும். அந்தப் பக்கந்தான் அது ஊடு போலருக்கு" என்றாள். அந்த வடக்கில் இருப்பது யாருடைய மாடி என்று எனக்குத் தெரியும். காப்பியை மடக்கென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். மாணிக்கம், "பொண்ணு நல்லா பேசுது" என்று எதையோ சொல்லி வைத்தான். "இன்னொண்ணு மாமா," என்றாள். "அப்பல்லாம் தை மாசமானா கொளத்தாங்கரைல ஒரு ஆளு வருவாரு. ஒரு புறாவ மேல விடுவாரு. வல்லூறு வந்து அடிக்கும். பாத்துட்டுப் போயிடுவாரு. மாடியிலேர்ந்து நாலஞ்சி தடவ பாத்திருக்கேன். மொகம் தெரியாது, கொடை மறைச்சிக்கும். எதுக்கு அப்பிடிச் செய்யிறாருன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல." சம்பந்தி, "லோகத்துல எத்தினியோ பைத்தியம்" என்றார். நான் ஆமாம் என்றேன். என்னைப் பற்றி நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிற்று.

பேச்சு முடிந்தது, பூ வைத்தாயிற்று. கிளம்பும்போது சம்பந்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்க வெள்ளப் புறா இல்லாத கல்யாணமா? நம்ம புள்ளைங்களுக்கு விடாம யாருக்கு விடப்போறிங்க? தெருவே எதிர்பாக்குது" என்றார். அவசரத்தில் "ஓ, விட்டுடலாம்" என்றுவிட்டேன். வாசல் படி இறங்கினேன். பின்னால் வளையல் சத்தம். திரும்பினால் தில்லைநாயகி. கையில் என் கறுப்புக் குடை. மூலையில் சாத்தி வைத்ததை மறந்து வந்திருக்கிறேன். இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அன்னிக்கும் கொடை எடுத்தாருவிங்களா மாமா?" என்றாள். சிரித்தாளா என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை. வெயில் காலமா மழைக் காலமா என்று கேட்கிற மாதிரியும் இருந்தது, கோர்ட்டில் கேட்கிற மாதிரியும் இருந்தது. நான் "வண்டிக்கு நேரமாவுதும்மா" என்று அவள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றையிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் இந்த வீட்டுக்கு வருகிறாளா? தெரியாமல் வந்து, இங்கே அந்தக் கூடைகளையும் கூண்டையும் பார்த்துத் தெரிந்துகொள்வாளா? வியாழக்கிழமை நீ முற்றத்தில் நின்று "இது என் புறா" என்று சொல்லும்போது, அவள் "அப்போ அந்தக் குடைக்காரர் யார்" என்று கேட்டால், நடுவில் கல்யாணம் நிற்குமா? வல்லூறு இந்தத் தையிலும் வந்திருக்கிறது, மாணிக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவனே, "மாமா, இன்னொரு தடவ கப்பம் கட்டிடுவமா? நம்ம புள்ள கல்யாணமாச்சே" என்றான். சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு ஒரு கணம் சரியென்றுகூடப் பட்டது. அதுதான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

நேற்று சாயங்காலம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னேன். கத்தவில்லை. எழுந்து போய், ஒரு கொட்டாங்கச்சியில் பால் ஊற்றி, பக்கத்து வீட்டுச் சுவர்மேல் வைத்தாள். அந்தப் பூனை மூன்று வருஷ அனுபவத்தில் கிட்டே வரவில்லை, தூரத்திலிருந்தே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் நகராமல் நின்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலேயே, "புள்ளைக்கு நீங்களே எழுதுங்க. நான் எழுதினா ஜாஸ்தியா எழுதிடுவேன்" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மகனுக்கு அப்பன் புத்திமதி எழுதுவது வழக்கம். என்னிடம் இருப்பதெல்லாம் நான் செய்யாமல் விட்டவைதான், அதில் ஒன்றைச் சொல்கிறேன். உன் பெண்டாட்டி உன்னிடம் ஒன்றைக் கேட்டால், அவள் கேட்டதற்குப் பதில் சொல். வண்டிக்கு நேரமாகிறது என்று சொல்லாதே. உன் கல்யாணத்தில் புறா கிடையாது. வெள்ளையும் கிடையாது, அதற்கு முன்னால் ஒன்றும் கிடையாது. சம்பந்தியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், தெரு எதிர்பார்த்தால் எதிர்பார்க்கட்டும். அவர்களுக்குச் சம்மதமிருந்தால், மறுவீட்டுக்கு வரும்போது தில்லைநாயகி தபால்காரனைக் கூடையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். ரயிலில் வந்து தன் வீட்டில் இறங்குகிற முதல் ஹோமர் அதுவாகத்தான் இருக்கும். கூண்டில் அதன் பழைய அறையைச் சுத்தம் செய்திருக்கிறேன். அதன் பெட்டை இப்போது ஒரு தடித்த வெள்ளையோடு குடும்பம் நடத்துகிறது, அந்த வம்பு வேறு பாக்கி. அந்தப் புறா மறுபடி என் கைக்குள் வந்து உட்காருமா என்று நினைத்தால் அதற்கும் பயமாக இருக்கிறது. உட்காராவிட்டால் கஷ்டம். உட்கார்ந்துவிட்டால் அதைவிடக் கஷ்டம்.

நீ என்னை என்ன செய்வாய் என்று தெரியவில்லை. பூனைக்குக் காட்டின கருணையில் பாதி எனக்குக் கிடைக்குமா என்று கேட்க எனக்கு வாயில்லை. அந்தப் பூனையாவது செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கியது. கோபமிருந்தால் சிதம்பரத்தில் இறங்காமல் நேரே இங்கே வா, வந்து கேள். இறங்கினாய் என்றால், பிளாட்பாரத்தில் என்னைத் தேடு, நான் வந்து நிற்பேன். நாம் இருவரும் சேர்ந்தே மேலவீதிக்கு நடந்து போவோம். புறா யாருடையது என்று நீ சொல். அந்த ஆள் யார், எதற்காக அப்படிச் செய்தான் என்று அந்தப் பெண்ணிடம் நான் சொல்கிறேன்.

நல்ல வெயிலாக இருந்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, குடை எடுத்து வரமாட்டேன்.

அப்பா
கடலூர் முதுநகர்